பங்குனிக் காற்றும் பசிபிக் கடலும்

அம்மா முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தது ஓர் ஏப்ரல் மாதம். பணகுடியிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் போனில் கேட்டாள்: "அங்க இப்போ என்ன காலம்யா?" வசந்தகாலம்மா, நல்லா இருக்கும் என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பி ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த இடத்தில் கருப்பட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே மலைகளுக்கு உள்ளே இருக்கும் எங்கள் லிவர்மோரில் மதியத்துக்கு முன்பே நல்ல வெயில். கடல் பார்க்கலாம் என்று புறப்பட்டோம். காரில் வெளி வெப்பநிலை காட்டும் எண் 84. ஃபாரன்ஹீட்தான், இங்கே அதுவே வழக்கு. டப்ளின் தாண்டி மலைச்சரிவில் இறங்கும்போது 77. ஹேவர்டில் 70. சான் மட்டேயோ பாலத்தின் நடுவில் 64. எதிர்க்கரையில் மலையேறி இறங்குகிற சாலையில் மூடுபனி மரங்களுக்குள் புகுந்து ஓடிக்கொண்டிருந்தது. ஹாஃப் மூன் பே கடற்கரையில் வண்டியை நிறுத்தியபோது எண் 54. ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் முப்பது டிகிரி காணாமல் போயிருந்தது.

பருத்திச் சேலையில் இறங்கிய அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மணல் முழங்கால் உயரத்துக்குப் பறந்தது. ஒரு நிமிஷம் கடலைப் பார்த்தாள். "இதுவாய்யா வசந்தம்? மார்கழில்லா!" என்றாள். மீதி நேரம் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகத்தான் பசிபிக்கைப் பார்த்தாள். அதற்கப்புறம் மூன்று நாள் இருமல். அது என் தவறு. இந்த ஊரின் ஏப்ரலை ஒரே சொல்லில் நான் சொல்லியிருக்கக் கூடாது.

வருடா வருடம் பிப்ரவரி கடைசியில் எங்கள் வாட்ஸாப் குழுவில் அதே கேள்வி வரும்: "இந்த ஸ்ப்ரிங் எப்படி இருக்குமாம்?" வானிலைத் துறைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பதினெட்டு வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு வானிலைக் குறிப்புகளைத் தினமும் வாசிப்பவன், அவ்வளவுதான். வாசித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. எல்லாரும் கேட்பது மழையை. மூன்று மாதம் முன்கூட்டி நம்பிச் சொல்ல முடியாததும் அந்த மழைதான். யாரும் கேட்காத காற்றையும் கடலின் குளிரையும்தான் ஓரளவு துணிந்து சொல்லலாம். வீட்டில் வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டியதும் அவற்றைத்தான்.

முதலில் மழையை முடித்துவிடுகிறேன். அமெரிக்கக் காலநிலைக் கணிப்பு மையம் மாதந்தோறும் மூன்றாவது வியாழக்கிழமை அடுத்த மூன்று மாதங்களுக்கான வரைபடத்தை வெளியிடுகிறது. பச்சை என்றால் மழை கொட்டும், பழுப்பு என்றால் வறட்சி என்றுதான் நம்மவர்கள் அதைப் படிக்கிறார்கள். படிக்க வேண்டிய விதம் வேறு. 1991 முதல் 2020 வரையான முப்பது வருடங்களை மழை மிகுந்தவை, நடுத்தரமானவை, குறைந்தவை என்று மூன்று சம பங்காகப் பிரிக்கிறார்கள். எதுவும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் நூற்றில் 33 வாய்ப்பு. ஏதாவது தடயம் கிடைத்தால் ஒரு பக்கத்தை 40 ஆக்குவார்கள். பச்சையில் 40 என்று போட்டிருந்தால், மழை மிகாமல் போக இன்னும் 60 வாய்ப்பு இருக்கிறது. தராசுத் தட்டு லேசாகச் சாய்ந்திருக்கிறது, அவ்வளவே. பல வருடங்களில் வசந்தத்துக்கு நம் பகுதி சாயாத தட்டாகவே இருக்கும். "சம வாய்ப்பு" என்று எழுதி விட்டுவிடுவார்கள். அது கை விரிப்பு என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது.

ஏனென்றால் சாய்ந்த தட்டே இங்கே ஏமாற்றியிருக்கிறது. பசிபிக்கின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடாவதை எல் நினோ என்பார்கள், குளிர்வதை லா நினா என்பார்கள். 2015–16 எல் நினோ மிக வலுவானவற்றில் ஒன்று. வறட்சி தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தோம். தெற்குக் கலிஃபோர்னியா சராசரிக்கும் குறைவான மழையோடுதான் அந்தப் பருவத்தை முடித்தது. 2022–23இல் தொடர்ந்து மூன்றாவது வருடமாக லா நினா, ஆகவே வறட்சிப் பக்கம் சாய்வு என்றார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மூன்று வாரத்தில் ஒன்பது வளிமண்டல ஆறுகள், அதாவது கடல் ஈரத்தை வானத்தில் நீளமாகச் சுமந்துவரும் பட்டைகள், அடுத்தடுத்து வந்து மோதின. மார்ச் 21 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிவந்த புயல் மரங்களை வேரோடு சாய்த்தது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டு வேலிகள் படுத்துவிட்டன. 1991இல் குளிர்காலம் முழுக்கப் பொய்த்த மழை மார்ச்சில் மட்டும் வந்து காப்பாற்றியதை இங்கே பழைய ஆட்கள் இன்றும் "மார்ச் அற்புதம்" என்றுதான் சொல்கிறார்கள்.

வசந்தத்தில் தண்ணீர்க் கணக்கு பார்க்க விரும்புகிறவர்கள் வானத்தை விட்டுவிட்டு மலையைப் பார்க்கலாம். சியரா நெவாடா மலையில், 50ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி ஃபிலிப்ஸ் நிலையம் என்று ஒரு புல்வெளி. குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை மாநில நீர்வளத் துறையினர் அங்கே போய், நீளமான உலோகக் குழாயைப் பனிக்குள் தரை வரை குத்தி இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கிறார்கள். எடை தெரிந்தால் அதில் எத்தனை அங்குலத் தண்ணீர் உறங்குகிறது என்று தெரிந்துவிடும். நூறு வருடங்களுக்கும் மேலாக இதே முறைதான். பனி உச்சத்தில் இருக்கும் நேரம் என்பதால் ஏப்ரல் முதல் தேதிக் கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம். 2015 ஏப்ரல் 1 அன்று அளக்க அங்கே பனியே இல்லை. காய்ந்த புல்லில் நின்றுகொண்டு ஆளுநர் ஜெர்ரி பிரௌன் நகரங்கள் 25 சதவீதம் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். மாநிலம் முழுவதுமாகச் சராசரியில் 5 சதவீதப் பனிதான் அப்போது இருந்தது. எட்டே வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பனி உருகி, எப்போதோ வற்றி வயலாகிவிட்டிருந்த துலாரே ஏரி மறுபடி ஏரியாகவே நிறைந்தது. இரண்டு வசந்தங்களையும் இதே வீட்டிலிருந்து பார்த்தேன். சராசரி வசந்தம் என்ற ஒன்று இங்கே வருவதே அபூர்வம் என்று தோன்றுகிறது.

சரி, காற்றுக்கு வருவோம்.

வசந்தம் பிறந்ததும் வட பசிபிக்கின் பெரிய உயரழுத்த மண்டலம் வலுத்து வடக்கே நகர்கிறது. அதன் ஓரமாகக் கலிஃபோர்னியாக் கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து காற்று நாள்கணக்கில் விடாமல் வீசும். பூமியின் சுழற்சியால் அந்தக் காற்று தள்ளும் மேல்நீர் கரையை விட்டு விலகி நடுக்கடல் பக்கம் போகிறது. போன இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து சில்லென்ற தண்ணீர் மேலே வருகிறது. குமரிக்குத் தெற்கே வாட்ஜ் திட்டில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் ஆழத்து நீர் இப்படி மேலே வருகிறது. மீன் அங்கே அப்படிக் கொழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கேயும் மீனும் திமிங்கலமும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் மனிதர்களுக்கு அதன் பொருள் வேறு. போடேகா விரிகுடாவுக்கு வெளியே மிதக்கும் மிதவையின் கணக்கில் ஏப்ரல், மே மாதங்களில் கடல் நீர் 50 டிகிரியை ஒட்டியே இருக்கும். செல்சியஸில் பத்து. டிசம்பரைவிட மே மாதக் கடல் குளிர்ந்திருப்பதும் உண்டு. வெயில் ஏற ஏறக் கடல் சூடாகும் என்று நம் ஊர்க் கணக்கில் நினைத்தால் ஏமாந்துபோவோம்.

அதே நேரத்தில் மலைகளுக்கு இந்தப் பக்கம் நிலம் சூடாகிறது. சாக்ரமென்டோ, ஸ்டாக்டன், ஃபிரெஸ்னோ எல்லாம் அடங்கிய நடுப் பள்ளத்தாக்கில் வெயில் ஏறியதும் காற்று லேசாகி மேலே போகிறது. அழுத்தம் குறைகிறது. கடல் மேல் கனத்த குளிர்க் காற்று, உள்ளே லேசான சூட்டுக் காற்று, நடுவில் கரையோர மலைத்தொடர். மலையில் எங்கே வாசல் இருக்கிறதோ அந்த வழியாகத்தான் கடல் உள்ளே வரும். பெரிய வாசல் சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய கோல்டன் கேட் நீரிணை. அதன் வழியாக நுழைந்து, விரிகுடாவைக் கடந்து, கார்க்கினெஸ் நீரிணை வழியாக ஆறுகள் கூடும் டெல்டாவுக்கும் சாக்ரமென்டோவுக்கும் போகிறது. வடக்கே பெட்டலூமா இடைவெளி. அங்கே வீசும் காற்றுக்காகவே அந்தப் பகுதியைத் தனித் திராட்சை வட்டாரமாக 2017இல் பிரித்தார்கள். தெற்கே சாலினாஸ் பள்ளத்தாக்கு மான்டரே விரிகுடாவை நோக்கி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அதனால்தான் அதன் வாய்ப்பக்கத்தில் கீரையும் ஸ்ட்ராபெரியும் வாடாமல் விளைகின்றன. எங்களுக்கு ஹேவர்ட் மலை இடுக்கு வழியாக வருகிறது. லிவர்மோரைத் தாண்டி ஆல்டமான்ட் கணவாயில் நெருக்கிப் பிழிந்து அந்தப் பக்கம் இறங்குகிறது.

அம்மாவை ட்ரேசிக்குக் கூட்டிக்கொண்டு போன ஒரு மாலை, ஆல்டமான்ட் மேட்டில் ஓரமாக நிறுத்தினேன். பச்சை போய்ப் பொன்னிறமாக மாறத் தொடங்கியிருந்த குன்றுகளின் மேல் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். கதவைத் திறக்கும்போது காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டது. அம்மா இறங்கி, சேலைக் கொசுவத்தை இடுக்கிக்கொண்டு, முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பினாள். கடற்கரையில் பார்த்த முகம் இல்லை அது.

"நம்ம முப்பந்தல் காத்துல்லா இது!"

உண்மைதான். ஆரல்வாய்மொழிக் கணவாயும் இதைத்தான் செய்கிறது. அங்கே வருவது பருவக்காற்று, இங்கே வருவது பள்ளத்தாக்குச் சூடு இழுக்கும் கடல் காற்று. காரணம் வேறு என்றாலும் கணவாய் செய்யும் வேலை ஒன்றே. இன்னொன்றும் பொருந்துகிறது. தென்மேற்குப் பருவத்தில் பணகுடிக்கு மேகமும் காற்றும் வருமே தவிர மழையைப் பெரும்பாலும் மலையே வாங்கிக்கொள்ளும். லிவர்மோரும் அப்படித்தான். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வருடத்தில் 23 அங்குலம் அளவுக்கு மழை. எங்களுக்கு 15க்குப் பக்கம். அம்மா அன்று அரை மணி நேரம் அங்கேயே நின்றாள். கிளம்பலாமா என்று நான்தான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

இந்தக் காற்று எந்த நாளில் எவ்வளவு உள்ளே வரும் என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் சாக்ரமென்டோ விமான நிலையத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசத்தைப் பார்ப்பேன். மூன்று நான்கு மில்லிபார் இருந்தால் சாயங்காலம் கொடியில் துணி நிற்காது. வித்தியாசம் தலைகீழாகி உள்நாட்டில் அழுத்தம் கூடினால் கடல் காற்று நின்றுபோகும், அன்று கரையிலும் வெயில் கொளுத்தும். அப்புறம் மூடுபனி அடுக்கின் உயரம். கடல் மேல் குளிர்ந்த காற்று கிடக்க, அதன் தலையில் சூடான காற்று மூடி போலக் கவிந்திருக்கும். மூடி ஆயிரம் அடிக்குக் கீழே இருந்தால் மூடுபனி கரையோடு நின்றுவிடும். இரண்டாயிரம் அடிக்கு எழும்பினால் மலை மேல் வழிந்து, விடியும்போது எங்கள் வாசல் வரை சாம்பல் நிறம். மான்டரேயில் இருக்கும் தேசிய வானிலைச் சேவை அலுவலகம் ஒரு நாளில் பல தடவை எழுதிப் போடும் கணிப்பு விவாதக் குறிப்பில் இதெல்லாம் இருக்கும். போன் செயலியில் வரும் சூரியன் படத்தைவிட அந்த நாலு பத்தி ஆயிரம் மடங்கு மேல். ஏன் அப்படி நினைக்கிறோம், எதில் சந்தேகம் இருக்கிறது என்று எழுதியவர் மனம் திறந்து சொல்லியிருப்பார்.

பகலில் பள்ளத்தாக்கு சூடு, கரை குளிர். இரவில் கதை மாறும் என்பதை ஒரு கறிவேப்பிலைச் செடி எனக்குக் கற்றுக்கொடுத்தது. விதையிலிருந்து ஏழு வருடம் வளர்த்த செடி. குளிர்காலம் முழுக்கக் காரேஜில், சன்னல் ஓரமாக. ஒரு வருடம் மார்ச்சில் தொடர்ந்து ஒரு வாரம் 75 டிகிரி அடித்தது. பாவம், வெளிச்சம் பார்க்கட்டும் என்று தொட்டியை உருட்டிக்கொண்டு போய்ப் பின்கட்டில் வைத்தேன். நாலாவது நாள் ஒரு குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு, கடந்து போனது. மழை இரண்டு தூறல்தான். அன்றிரவு வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. காற்று அசையவில்லை. மேகப் போர்வை இல்லாத, காற்றும் கலக்காத அந்த மாதிரி இரவில் நிலம் தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமாகி, மலைச்சரிவு வழியே தண்ணீர் போல வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்கும். காலையில் பின்கட்டு வெப்பமானியில் 30, உறைநிலைக்கும் கீழே. செடியின் இலைகள் ரசத்தில் கொதித்த கறிவேப்பிலை போலத் துவண்டு, நுனியிலிருந்து கறுத்திருந்தன. ஒரு கொத்தைத் தொட்டால் ஈர்க்கோடு கையில் வந்தது. வாசனைகூட இல்லை. அதே இரவில் ஃப்ரீமாண்டில், விரிகுடாவை ஒட்டிய நண்பர் வீட்டில் 41. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் அது இரவிலும் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடிமரம் வரை வெட்டிவிட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றிவந்தேன். ஜூன் கடைசியில் கணுவில் ஒரு சிவந்த துளிர். அன்றிலிருந்து சித்திரை பிறக்காமல் செடியை வெளியே வைப்பதில்லை. (கன்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எலுமிச்சை இனங்களைக் கெடுக்கும் ஒரு குட்டிப் பூச்சி கறிவேப்பிலையில் தங்கும் என்பதால் இந்த மாநிலத்தில் பல இடங்களில் செடியை இடம் மாற்றத் தடை இருக்கிறது. விசாரித்துவிட்டு வாங்குங்கள்.)

எனக்கு ஒரு செடி. விவசாயிகளுக்குத் தோப்பு முழுவதும். நடுப் பள்ளத்தாக்கில் பாதாம் பிப்ரவரி நடுவிலேயே பூத்துவிடும். 55 டிகிரிக்குக் கீழே தேனீ கூட்டை விட்டுக் கிளம்பாது. பூ மலர்ந்த வாரத்தில் குளிரும் மழையுமாக இருந்தால் அந்த வருட மகசூல் போச்சு. மே மாதம் நம் குடும்பங்கள் பிரென்ட்வுட்டுக்குச் செர்ரி பறிக்கப் போகும் நேரத்தில் வரும் மழை அதைவிடக் கொடியது. பழுத்த செர்ரி தோல் வழியாகவே தண்ணீரைக் குடித்து வெடித்துவிடும். மழை விட்டதும் தோப்பின் மேல் ஹெலிகாப்டரைத் தாழ்வாகப் பறக்கவிட்டு ஈரத்தை உதறுகிறார்கள். மே மாதத் தூறலைப் பார்த்து "ஆகா, மழை" என்று நான் சந்தோஷப்பட்ட காலம் உண்டு. வெடித்த பழத்தோடு நின்ற ஒரு தோப்புக்காரரிடம் பேசியபிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இனிமேல் சொல்லப்போவதுதான். மே மாதத்தில் ஏதோ ஒரு வாரக் கடைசியில் முதல் கடும் வெயில் வரும். பள்ளத்தாக்கில் 95 அடிக்கும். எல்லாரும் தண்ணீரைத் தேடிக் கிளம்புவார்கள். கடல் 50 டிகிரியில் இருக்கிறது. மலை ஆறுகள் நேற்றுவரை பனியாக இருந்த தண்ணீரோடு, கரை புரண்டு, பார்க்க அழகாக ஓடுகின்றன. வெயில் சுள்ளென்று அடிக்கும் அந்த நாளில்தான் தண்ணீர் மிக ஆபத்தானது. வானிலைச் சேவையும் அப்படிப்பட்ட நாட்களில் கடற்கரைக்குக் குளிர்நீர் எச்சரிக்கை விடுகிறது. நம்மவர்கள் அதை வெயில் எச்சரிக்கை என்று எண்ணித் தள்ளிவிடுகிறார்கள்.

நான் தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவன். அந்தத் தைரியத்தில் ஒரு மே மாதம் ‘அமெரிக்கன் ஆறு’ என்ற மலை ஆற்றில் இடுப்பளவுக்கு இறங்கி ஒரு முங்கு முங்கினேன். நெஞ்சை யாரோ கயிறு கட்டி இறுக்கியது போல இருந்தது. மூச்சு தானாக உள்ளே இழுக்கிறது, வெளியே வரவில்லை. தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த முதல் இழுப்பு வந்திருந்தால் நேராகத் தண்ணீரைத்தான் இழுத்திருப்பேன். கரை பத்தடி தூரம்கூட இல்லை. பாறையைப் பிடித்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம் வசம் இருக்காது. அடுத்த பத்து நிமிஷத்தில் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதுதான். பனி மிகுந்த வருடங்களில் ஜூலை வரைகூட ஆறு இப்படியே ஓடும். தண்ணீர்ப் பக்கம் போவதானால் குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை போடுங்கள், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையில் அலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்காதீர்கள். இருபது நிமிஷம் அமைதியாக இருந்துவிட்டு ஒரே அலை இடுப்பு வரை ஏறி இழுத்துக்கொண்டு போகிற கடல் இது.

சித்திரை ஒன்றாம் தேதி லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகும்போது, செருப்பை விட்டுவிட்டு வெளித் தரையில் வைக்கும் முதல் அடி வருடத்துக்கு ஒரு மாதிரி. ஒரு வருடம் ஐஸ் மாதிரி இருந்து குதிகாலில் நடந்தோம். இன்னொரு வருடம் சுட்டது. இந்த வருடம் எப்படி என்று குழுவில் கேட்டால் நான் சொல்லப்போவது இதுதான்: மழை தெரியாது. மதியத்துக்கு மேல் காற்று இருக்கும். கடல் குளிர்ந்திருக்கும். மலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபது முப்பது டிகிரி வித்தியாசத்துக்குத் தயாராகக் கிளம்புங்கள்.

அம்மா அடுத்த வாரம் வருகிறாள், நாலாவது தடவை. என்ன காலம் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. நேற்று போனில், "கணவாய்ல காத்து தொடங்கிட்டாய்யா?" என்றாள். தொடங்கிவிட்டது என்றேன். ஸ்வெட்டரைக் கைப்பையில் மேலாகவே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அது அப்பவே வச்சாச்சு. ஆல்டமான்ட்டுக்கு எப்போ கூட்டிட்டுப் போவ?"